போஹோ கல்லறை மண்: ஆய்வகம் எதை நிரூபித்தது, எதை விட்டுவிட்டது

வட அயர்லாந்தின் ஃபெர்மனா கவுண்டியில், என்னிஸ்கிலன் நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது போஹோ. சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே மாடும் ஆடும் மேயும் சிறிய ஊர். அங்குள்ள திருஇருதய ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் மெக்கிர் என்ற பங்குத்தந்தையைப் புதைத்திருக்கிறார்கள். 1815-இல், எழுபதாவது வயதில் இறந்தவர். உயிரோடு இருந்த காலத்தில் நோய் தீர்ப்பவர் என்று பெயர் வாங்கியவர். சாகும் தறுவாயில், "நான் உங்களோடு இருந்தபோது எதையெல்லாம் குணப்படுத்தினேனோ, அதையெல்லாம் என்னை மூடும் மண்ணும் குணப்படுத்தும்" என்ற பொருளில் ஏதோ சொன்னார் என்பது ஊர்க்கதை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மண்ணை எடுத்துப் போக ஆட்கள் வருகிறார்கள்.

எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கல்லறை முன் மண்டியிட்டுச் செபம் சொல்ல வேண்டும். தேக்கரண்டி அளவு மண்ணை எடுத்துச் சின்னத் துணியில் முடிந்துகொள்ள வேண்டும். பல்வலி, தொண்டைப்புண், கழுத்துவீக்கம் என்று எதற்காக வந்தார்களோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அல்லது இரவில் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கலாம். முடிச்சைப் பிரிக்கக் கூடாது. நான்காம் நாளுக்குள் மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் கெட்ட காலம் தொற்றிக்கொள்ளும். தின்பது, குடிப்பது, புண்ணில் அப்புவது எதுவும் இதில் இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2018-இல் இந்த மண் உலகச் செய்தியானது. வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியை மையமாகக் கொண்ட ஒரு பன்னாட்டுக் குழு, போஹோ மண்ணிலிருந்து அதுவரை யாரும் விவரிக்காத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஆய்விதழில் எழுதியது. அதன் பிறகு தலைப்புகள் பறந்தன: பழைய நாட்டு மருந்து உண்மையென நிரூபணம், பாதிரியாரின் மண்ணில் சூப்பர்பக் கொல்லி. இப்படி ஒரு செய்தி கிடைத்தால் "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்று ஒரு வரி சேர்த்து அனுப்ப நம்மிலும் ஆள் பஞ்சம் கிடையாது.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மண்ணில் என்ன இருக்கிறது? அது சோதனைத் தட்டில் என்ன செய்கிறது? தலையணைக்கு அடியில் இருக்கும் துணிமுடிச்சு என்ன செய்கிறது? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்திருக்கிறது. மூன்றாவதை அந்த ஆய்வு தொடவே இல்லை. தலைப்புகள் எல்லாம் மூன்றாவதைப் பற்றியே வந்தன.

அந்தக் காலத்தில் வேறு யாரிடம் போவது?

மெக்கிர் வாழ்ந்த காலத்தில் கத்தோலிக்கர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருந்தன. முழு அரசியல் உரிமை 1829-இல்தான் வந்தது. கிராமத்து ஏழைக்கு மருத்துவர் என்பவர் எட்டாக் கனி. ஏழைகளுக்கான மருந்தகங்களை நாடு முழுக்க வட்டம் வட்டமாகப் பிரித்து அமைத்த சட்டமே 1851-இல் வந்ததுதான். மாட்டுக்கு நோய் என்றால் நிலைமை இன்னும் மோசம். டப்ளினில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1900-இல்தான் திறந்தது. ஒரு பசு செத்தால் ஒரு குடும்பத்தின் வாடகையே போச்சு என்ற நிலையில், பாதிரியார், மூலிகைக்காரி, எலும்பு கட்டுபவர், கொல்லர் என்று யாருக்குக் கைராசி இருப்பதாகப் பேச்சு இருந்ததோ அவரிடம் போனார்கள்.

பாதிரியார்களுக்கு நோய் தீர்க்கும் வரம் உண்டு என்ற நம்பிக்கை அயர்லாந்து முழுக்க இருந்தது. மேலிடத்தோடு சண்டை போட்டுப் பதவி இழந்த பாதிரியாருக்குச் சக்தி அதிகம் என்றுகூட ஜனங்கள் நம்பினார்கள். பாதிரியார் கல்லறையிலிருந்து மண் எடுப்பதும் பல ஊர்களில் இருந்த வழக்கமே. ஆக, போஹோவில் நடந்தது தனித்த அதிசயம் ஒன்றுமில்லை. அயர்லாந்தின் மற்ற கல்லறை மண்கள் எல்லாம் ஊர்க்கதையாகவே நின்றுவிட, இது ஆய்வகம் வரை போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஆய்வுக் குழுவில் இருந்த நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஜெர்ரி க்வின், முன்பு அதே வட்டாரத்தில் வசித்தவர். ஊர் வைத்தியங்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

மண்ணில் இருந்தது என்ன

போஹோ மண் காரத்தன்மை கொண்டது. கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லை அரித்து அரித்து உண்டாக்கிய குகைகளும் குழிகளும் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கின்றன. அயர்லாந்தின் மிக ஆழமான குகைக்குழி என்று சொல்லப்படும் ரேஃபாட் இங்கேதான். போதாததற்கு மண்ணில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் உண்டு. இப்படிச் சங்கடமான இடத்தில் பிழைக்கும் நுண்ணுயிர் ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். கதையே இல்லாவிட்டாலும் ஒரு நுண்ணுயிரியலாளர் இங்கே மண்வெட்டியோடு வந்து நிற்கலாம்.

அவர்கள் தேடியது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா இனத்தை. முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனைக்குப் பெரும்பங்கு காரணம் இந்த இனம். மருத்துவத்தில் புழங்கும் இயற்கை ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதியும் இதன் குடும்பத்திலிருந்து வந்தவையே. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு முதல் சரியான மருந்து. அதைக் கொடுத்த கிருமி வந்தது எரு போட்ட வயல் மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும். வான்கோமைசின் 1950-களில் போர்னியோ மண்ணிலிருந்து வந்தது. எரித்ரோமைசின் பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து. இந்த மண்களுக்கு எந்தப் பாதிரியாரின் ஆசியும் இல்லை, எந்த ஊர்க்கதையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் போஹோ முடிவைப் படிக்க வேண்டும். ஒரு பிடி மண்ணில் ஆன்டிபயாடிக் செய்யும் பாக்டீரியா கிடைப்பது அதிசயமில்லை. கிடைத்தது எவ்வளவு புதியது, எந்தக் கிருமியைத் தடுக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

புதியதுதான். மிக நெருங்கிய உறவுக்கார இனத்தோடு ஒப்பிட்டால் மரபணுத்தொகுதி ஒப்புமை 57 சதவீதம். சோப்புக் கரைசல் போன்ற பிஹெச் (pH) 10.5 காரத்திலும் வளர்கிறது. 4,000 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) காமாக் கதிர்வீச்சைத் தாங்குகிறது. மனிதனுக்கு உடல் முழுக்க ஐந்து கிரே பட்டாலே உயிர் தப்புவது கஷ்டம். மைரோஃபோரியா என்று பெயர் வைத்து, அந்த வகைக்கு மெக்ஜி1 என்று எண்ணும் கொடுத்தார்கள்.

கதிர்வீச்சைத் தாங்குவதை வைத்து "ரேடான் மண்ணில் வளர்ந்ததால் வந்த வலிமை" என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. மண்ணில் இருக்கும் ரேடான் கொடுக்கும் கதிர்வீச்சு, சோதனையில் கொடுத்த அளவின் பக்கத்திலேயே வராது. வறட்சியைத் தாங்கப் பழகிய பாக்டீரியாக்கள் பல, அதே பழக்கத்தால் கதிர்வீச்சையும் தாங்குவது தெரிந்த விஷயம்.

தட்டில் நடந்தது

சோதனையின் அடிப்படை எளிது. ஊட்டப்பொருள் கலந்த அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் மண் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும், பக்கத்தில் நோய்க்கிருமியை வளரவிட வேண்டும். மண் பாக்டீரியா ஏதாவது சுரந்து அது அகாரில் பரவினால், அதைச் சுற்றி நோய்க்கிருமி வளராமல் ஒரு வெற்றிடம் தெரியும்.

தெரிந்தது. கார்பபெனெம் மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் பாமானி, வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் ஃபீசியம், எம்ஆர்எஸ்ஏ என்று மருத்துவமனைகளை நடுங்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆகிய மூன்றையும் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பல்கலைக்கழகம் பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்தியில் க்ளெப்சியெல்லாவும் சேர்ந்து, முக்கியமான ஆறு சூப்பர்பக்குகளில் நான்கு என்ற கணக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் அசினெட்டோபாக்டர் முதல் வரிசையில் இருக்கிறது. அதைத் தடுக்கும் பொருள் எங்கே கிடைத்தாலும் அது பெரிய விஷயம்தான். அசினெட்டோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. மருந்துகள் பெரும்பாலும் அதில் முட்டி நின்றுவிடும்.

மரபணுவைப் படித்தபோது, ஆன்டிபயாடிக் போன்ற துணைப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்புகள் 45 இருப்பதாகக் கணினி காட்டியது. அந்த பாக்டீரியாவுக்கே 36 மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 28-க்கு அசரவில்லை. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். விஷம் காய்ச்சுகிறவன் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டுமே.

கட்டுரை எழுதியவர்கள் வார்த்தையில் கவனமாகவே இருந்தார்கள். இது முழுமையான ஆய்வு இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டு, போஹோ மண்ணுக்குச் சொல்லப்படும் குணத்தில் கொஞ்சம் இந்த பாக்டீரியாவோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று நினைப்பதாக எழுதினார்கள். 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல் பல்கலைக்கழக வாசலைத் தாண்டும்போதே உதிர்ந்துவிட்டது.

இதுவரை இந்த பாக்டீரியாவிலிருந்து மருந்துக்கடைக்கு எதுவும் வரவில்லை. வராததில் வியப்பும் இல்லை. தட்டில் கிருமியைத் தடுக்கும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பொருள் எது என்று தனியே பிரிக்க வேண்டும், மனித உயிரணுக்களையும் சேர்த்துக் கொல்லாது என்று காட்ட வேண்டும், ரத்தத்தில் போதிய அளவு நிற்க வேண்டும், விலங்கில் தேற வேண்டும், பிறகு மனிதரில். பெரும்பாலானவை இரண்டாம் படியிலேயே விழுந்துவிடும்.

துணிமுடிச்சுக்குள் நடக்காதது

ஸ்ட்ரெப்டோமைசிஸ் எந்நேரமும் ஆன்டிபயாடிக் சுரந்துகொண்டே இருப்பதில்லை. ஈரமும் உணவும் இருக்கும்போது நூல்நூலாகப் பரவி வளரும். உணவு தீரத் தொடங்கும்போது வித்துகளை உருவாக்க ஆயத்தமாகும். அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் சுரக்கும். வித்தாக மாறிய பின் அது தூங்கும். துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்த மண் காய்ந்த மண். அதில் இருப்பவை பெரும்பாலும் தூங்கும் வித்துகள். ஏதாவது சுரந்தாலும் அது துணி, தலையணை உறை, பஞ்சு எல்லாவற்றையும் தாண்டிப் பல்லின் வேருக்குப் போக வழியில்லை. காற்றில் கலக்கும் வாசனைப் பொருள் வழியே ஏதாவது நடக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். அதற்கும் பாக்டீரியா விழித்து வளர்ந்தாக வேண்டும்.

அப்படியானால் குணமானவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. இங்கேதான் நான்கு நாள் கெடு சுவாரசியமாகிறது. தொண்டைப்புண் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக ஆறும். தாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் ஒருவர் கல்லறைக்குக் கிளம்புகிறார், அதாவது நோய் உச்சத்தில் இருக்கும் நாளில். அங்கிருந்து நான்கு நாள் என்றால், மண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலோருக்குத் தணியத்தான் செய்யும். பல்வலியும் ஏறி இறங்கும் வலி. தணிந்த வேளையில் திரும்பவும் கல்லறைக்கு வந்து மண்ணைப் போட வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதனால் குணமானவர் குணமான செய்தியோடு ஊருக்குள் வருகிறார். குணமாகாதவர் அடுத்த வைத்தியரைத் தேடிப் போயிருப்பார்.

அதே விதியால் கல்லறை மண்ணும் தீராமல் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கரண்டி கொண்டுபோய் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இருநூறு ஆண்டுகளில் அங்கே ஒரு பள்ளமே விழுந்திருக்கும். பிரிக்கக் கூடாது என்ற விதியும் நல்லதுதான். மண்ணில் டெட்டனஸ் வித்துகள் இருப்பது சகஜம். திறந்த புண்ணில் இந்த மண்ணை அப்பும் வழக்கமாக இது இருந்திருந்தால், இந்தக் கதையின் போக்கே வேறாக இருந்திருக்கும். ஆய்வுச் செய்தியைப் படித்துவிட்டுப் புண்ணில் மண் பூசிப் பார்க்க நினைப்பவர் ஊர் வழக்கத்தையும் மீறுகிறார், மருத்துவத்தையும் மீறுகிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சோதனை இருக்கிறது. 2015-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் ஆயிரம் ஆண்டுப் பழைய ஆங்கிலோ-சாக்சன் வைத்திய ஏட்டிலிருந்து ஒரு கண்மருந்தை எடுத்தார்கள். பூண்டு, வெங்காய இனம் ஒன்று, ஒயின், மாட்டுப் பித்தநீர். ஏட்டில் சொன்னபடி ஒன்பது நாள் ஊறவைத்து எம்ஆர்எஸ்ஏ மேல் விட்டார்கள். கொன்றது. தனித்தனியாகச் சேர்மானங்களைச் சோதித்தபோது அவ்வளவு வேலை செய்யவில்லை. அங்கே சோதனைக்குப் போனது செய்முறை. போஹோவில் சோதனைக்குப் போனது செய்முறையில் இருக்கும் மண்ணின் ஒரு குடியிருப்பாளர் மட்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "நாட்டு மருத்துவம் வென்றது" என்று எழுதுவது சரியில்லை.

இன்னொரு குறை. கல்லறை மண்தான் தனி என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்து வயல் மண்ணை, ஆலயத்தின் மறுகோடி மண்ணை, அடுத்த ஊர்ச் சுண்ணாம்புமேட்டு மண்ணை எல்லாம் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அங்கேயும் இதே பாக்டீரியா இருந்தால் புகழ் சுண்ணாம்புக்கல்லுக்குப் போய்ச் சேரும், மெக்கிருக்கு அல்ல.

மற்ற மண்கள், அப்புறம் மாடுகள்

அயர்லாந்தில் பெயர்பெற்ற மண் இது ஒன்றே இல்லை. பக்கத்து டோனிகால் கவுண்டியில் புனித கொலும்பா பிறந்ததாகச் சொல்லப்படும் கார்ட்டன் மண், தீயிலிருந்தும் நீரில் மூழ்குவதிலிருந்தும் காக்கும் என்பார்கள். முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்கள் அதைப் பையில் வைத்திருந்தார்கள். அதே கவுண்டியின் கடலோரத் தீவான டோரியின் மண் எலியை விரட்டும். அதை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் மூத்தவர் கையால்தான் வாங்க வேண்டும், விலை கேட்கக் கூடாது. தானியக் கொட்டகை வைத்திருப்பவனுக்கு எலி தொண்டைப்புண்ணைவிடப் பெரிய நோய். போஹோ மண்ணில் பாக்டீரியா கிடைத்ததை வைத்துப் பாதிரியாரின் மண்ணை நம்பச் சொல்பவர், டோரி மண்ணில் எலிமருந்தும் கார்ட்டன் மண்ணில் தீயணைப்பானும் தேட வேண்டியிருக்கும். மூன்றும் ஒரே நம்பிக்கையின் கிளைகள். ஒன்றில் மட்டும் ஆய்வகத்துக்குப் பிடித்தமான பொருள் அகப்பட்டது.

இந்த நம்பிக்கைகள் எவ்வளவு அடர்த்தியாக இருந்தன என்று பார்க்க ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், சுதந்திர அயர்லாந்தின் சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்களிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னது. சுமார் 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. ஊர் வைத்தியம், கால்நடை வளர்ப்பு எல்லாம் அதில் உண்டு. ஃபெர்மனா, சுதந்திர அயர்லாந்தில் சேராத வட அயர்லாந்தில் இருந்ததால் போஹோ பிள்ளைகள் எழுதவில்லை. ஆனால் ஒட்டிக்கிடக்கும் கவன், லீட்ரிம், டோனிகால் பிள்ளைகள் எழுதினார்கள். காலத்தையும் கவனியுங்கள், ஆன்டிபயாடிக் மருந்துகள் சாதாரண மக்கள் கைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

கக்குவான் இருமலா? வெள்ளைக் குதிரையில் வருகிறவனை நிறுத்தி என்ன செய்யலாம் என்று கேள், அவன் வாயில் என்ன வருகிறதோ அதைச் செய். அல்லது பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே மூன்று தரம் நுழைத்து எடு. பொன்னுக்கு வீங்கியா? கழுதையின் கடிவாளத்தைப் பிள்ளைக்கு மாட்டி ஓடைக்கு நடத்திக்கொண்டு போ. மருவா? பாறைக்குழியில் தேங்கிய, தேடாமல் தானாகக் கண்ணில் பட்ட தண்ணீரைத் தடவு. தீக்காயமா? பல்லி போன்ற நியூட்டை ஒரு தரம் நக்கியவனுக்கு அதன் பிறகு நாக்கிலேயே மருந்து. இந்தப் பட்டியலில் கக்குவான், பொன்னுக்கு வீங்கி, மரு மூன்றும் பெரும்பாலும் காலம் வந்தால் தானே போகும் நோய்கள். கக்குவான் மட்டும் போகிற போக்கில் கைக்குழந்தைகளைக் கொண்டுபோய்விடும்.

மாடுகளுக்கும் அப்படியே. வயிறு உப்பி உருளும் பசுவின் மேல் கயிற்றை ஒரு தனி வகை முடிச்சாகப் போட்டு இழுப்பார்கள். 'புழு முடிச்சு' என்று பெயர். சிக்காமல் அவிழ்ந்தால் பிழைக்கும். ஜூன் 23 இரவு மூட்டும் புனித யோவான் தீயின் புகைக்குள் மந்தையை ஓட்டுவார்கள். பிப்ரவரி முதல் நாளுக்கு முந்தைய இரவு பிரிஜித் என்ற புனிதையின் பெயரால் வெளியே காயப்போட்ட துணியை, கன்று ஈனச் சிரமப்படும் பசுவின் முதுகில் போடுவார்கள். சப்பை நோய்க்கு வாலைக் கீறிப் பூண்டு வைத்துக் கட்டுவார்கள்.

இதில் சப்பை நோயையும் படர்தாமரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சப்பை நோய் மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியால் வருவது. காலையில் நொண்டும் கன்று மறுநாள் செத்துக் கிடக்கும். பூண்டு வைத்தும் செத்தது, வைக்காமலும் செத்தது. தடுப்பூசி வந்ததும் வால் கீறும் வைத்தியம் சத்தமில்லாமல் போய்விட்டது. அதற்காக வாதாட ஆள் இல்லை.

படர்தாமரை வேறு கதை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அடைபட்ட கன்றுகளுக்குக் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறத்தில் பொருக்கு தட்டும். ட்ரைக்கோஃபைட்டன் பூஞ்சை. வித்துகள் கொட்டகை மரத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். தீவனம் போடுகிறவனின் முன்கையிலும் வட்டமாக வந்து உட்காரும். ஆனால் கன்று தேறிவிடும், இரண்டிலிருந்து நான்கு மாதத்தில், பெரும்பாலும் வசந்தத்தில் புல்வெளிக்கு விட்ட கையோடு. அதனால்தான் இதற்கு வைத்தியங்கள் கணக்கில்லை. ஏழாவது மகனாகப் பிறந்தவன் தொட்டால் போகும். பிறந்த சூட்டில் அவன் கையில் மண்புழுவை வைத்து, அது செத்தால் வரம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். திங்கள், வியாழன் பார்த்துப் போக வேண்டும். காசு கொடுக்கக் கூடாது, நன்றி என்றும் சொல்லக் கூடாது. கவன், லீட்ரிம், ஃபெர்மனா பக்கம் இன்றும் 'அவரிடம் வைத்தியம் இருக்கிறது' என்று அறியப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவரை நம்புகிற விவசாயியே இவர்களையும் கூப்பிடுகிறார், இதில் அவருக்கு எந்த முரணும் தெரிவதில்லை.

அப்புறம் ஹாலி, முள் இலை கொண்ட ஒரு மரம். கொட்டகை உத்தரத்தில் ஒரு ஹாலிக் கிளையைத் தொங்கவிட்டால் படர்தாமரை வராது, வந்தது போய்விடும். காய் உள்ள பெண் மரத்துக் கிளையா ஆண் மரத்துக் கிளையா என்று விவசாயிகளுக்குள் ஒவ்வொரு குளிர்காலமும் சண்டை. யாருக்கும் கேடில்லாத வைத்தியம். பழைய எஞ்சின் ஆயிலைக் கன்றின் முகத்தில் பூசும் இன்னொரு வழக்கத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆயிலில் இருக்கும் நச்சு தோல் வழியே உள்ளே போகும், கன்று நக்கியும் தின்னும். இதற்கும் தடுப்பூசி இருக்கிறது. நார்வேயில் 1980-களில் அதைப் போட்டே மந்தை மந்தையாகப் படர்தாமரையைத் துடைத்தார்கள். ஆனால் தானே போகிற நோய்க்கு ஊசிக்கு யார் காசு செலவழிப்பது என்ற கணக்கில் ஹாலி தொங்குகிறது.

போஹோ முடிச்சைவிட ஹாலியைச் சோதிப்பது சுலபம். மனிதனுக்குத் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும், அந்த நினைப்பே வலியைக் கொஞ்சம் தணிக்கும். கல்லறையில் தானே மண்டியிட்டு எடுத்ததும் வைத்தியத்தின் பங்கு என்பதால், வயல் மண்ணை முடிந்து கொடுத்து ஏமாற்றிச் சோதிக்கவும் வழியில்லை, பங்கு ஆலயம் அதற்கு ஒப்பவும் ஒப்பாது. கன்றுக்கு ஹாலியைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரே பண்ணையில், ஒரே வயதுக் கன்றுகளை இரண்டு கொட்டகையில் அடைத்து, சீட்டுக் குலுக்கிப்போட்டு ஒன்றில் மட்டும் கிளையைக் கட்டலாம். எதில் கிளை இருந்தது என்று தெரியாத ஒருவர் கன்றுகளை வெளியே வரவழைத்து, பொருக்குகளை எண்ணிக் குறிக்க வேண்டும். இப்படிப் பல பண்ணைகளில், புல்வெளிக்கு விடும் முன்பே எண்ணி முடித்துவிட வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு எண்ணினால் இரண்டு கொட்டகையும் தேறியிருக்கும், ஹாலிக்காரர் தானே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வார்.